அட்டை ஏறாத கால்

குமரகுருபரன் பால்காரரைச் சந்தேகப்படுவார். சில நாள் அந்த மாட்டையும். மின்சார மீட்டர்களில் திருட்டுப் பிடிக்கிற உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஆள்தான் ஓய்வு பெற்றாரே ஒழிய, அந்தக் கண் பெறவில்லை. பாளையங்கோட்டையில் அவர் தெருவைக் கடக்கிற பூனை, நான்கு பாதத்தையும் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் கடக்கும்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு பிற்பகலில் மணிமுத்தாறு தாண்டி, இடுப்பெலும்பு இடம் மாறுகிற பாதையில் ஜீப்பில் மலையேறி, நெடும்பாறை விடுதியின் கோல்ஃப் மைதானத்தில் வந்து இறங்கினார். தேயிலைத் தோட்டத்துத் துரைமார் தங்களுக்கென்று திருத்திய மைதானம். இப்போது கட்டணம் கட்டினால் யாரும் ஆடலாம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஈரப் புல், அழுகிய இலை, எங்கோ கிடந்த யானை லத்தி, எல்லாம் கலந்து ஒரு வாசம்.

கூட வந்தவர் தாவூது. காயல்பட்டினத்துக்காரர், கல்லூரி விடுதியில் ஒரே அறை. வளைகுடாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல்வெட்டும் வண்டி ஓட்டி, ஆட்டத்தையும் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர். குமரகுருபரனுக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். உலகத்தில் குமரகுருபரனுக்கு மிஞ்சிய ஒரே சிநேகிதர். மற்றவர்களையெல்லாம் சந்தேகப்பட்டே தீர்த்துவிட்டார்.

அந்த ஒருவருக்கும் இன்றோடு கெடு.

போன மாதம் இதே நெடும்பாறை விடுதியில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், "நீரு பந்தைக் காலால தள்ளுதீரு வே" என்று குமரகுருபரன் சொல்லிவிட்டார். ஏழாவது குழிக்குப் பக்கத்துச் சோலைக்காட்டுக்குள் போகிற தாவூதின் பந்து, ஒவ்வொரு தடவையும் புல்வெளிக்குத் திரும்பி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"இன்னைக்குப் பிடிச்சுக் காட்டும்," என்றார் தாவூது, மட்டைப் பையை இறக்கியபடி. "பிடிச்சுட்டீர்னா நான் இனி மட்டையத் தொடல. பிடிக்கலன்னா உம்ம மூஞ்சில முழிக்க மாட்டேன். வல்லாஹி!"

ஜீப் ஓட்டி வந்த பிச்சைக்கண்ணு உப்புப் பொட்டலத்தை நீட்டினார். "அட்டை கூடிக் கெடக்கு அய்யா. பெறகு, ஏழாவது குழிகிட்ட மஞ்சு இறங்கிட்டுன்னா பந்தைத் தேடாதீய. கெடக்குன்னு விட்டுட்டு ரெண்டு பேரும் சேந்தே வந்திருங்க."

"தேடாம விட்ட பந்தை யாரு பொறுக்கி விக்குதா? நீரா?" என்றார் குமரகுருபரன்.

பிச்சைக்கண்ணு மைதானத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

ஒவ்வொரு குழி முடிந்ததும் ஒருவர் காலை ஒருவர் பார்த்து அட்டை பிடுங்குவது அங்கே வழக்கம். தாவூதின் ரத்தம் என்றால் அட்டைகளுக்குக் கல்யாணப் பாயசம். ஆறாவது குழி முடிவதற்குள் அவர் காலிலிருந்து பிடுங்கியதைக் கூடையில் அள்ளிச் சந்தைக்கே கொண்டு போயிருக்கலாம். ஷூவுக்குள் வெள்ளைக் காலுறை இரண்டும் சிவந்துவிட்டன. குமரகுருபரன் உப்பு வைத்துப் பிடுங்கினார், பிடுங்கிக்கொண்டே முறைத்தார்.

"சந்தேகப்படுத ஆளுக்கு எதுக்கு வே இந்தக் கரிசனம்?"

"அது வேற, இது வேற. கால நீட்டும்."

ஏழாவது குழிக்கு தாவூது அடித்த பந்து, எதிர்பார்த்தபடியே சோலைக்காட்டுக்குள் விழுந்தது. அவர் தேடிக்கொண்டு உள்ளே போனார்.

மஞ்சு இறங்கியது.

மேற்கே மலை இருந்தது; அந்தப் பனிமூட்டத்தில் திரும்பிப் பார்ப்பதற்குள் இல்லை. கொடி இல்லை. ஜீப் இல்லை. சில்வண்டுச் சத்தம், யாரோ மெயின் சுவிட்சை இறக்கியது போலச் சட்டென்று நின்றது. குமரகுருபரன் ஒரு மரத்துக்குப் பின்னால் பதுங்கி, மூச்சைக்கூடத் தவணை முறையில் விட்டார்.

இலைகள் சலசலத்தன.

பந்து உருண்டு வந்தது.

அதற்குப் பின்னால் ஒரு கால்.

வெறுங்கால். தண்ணீரில் நெடுநாள் ஊறியது போல வெளுத்து, தோல் சுருங்கிய கால். அது பந்தைப் பையத் தள்ளிப் புல்லின் நடுவில் நிறுத்தியது. முழங்காலுக்கு மேலே மஞ்சு மட்டும்தான்.

அந்த இடத்தில் புல் முழுக்க அட்டை. ஒன்றுகூட அந்தக் காலில் ஏறவில்லை. எல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டு, அதை விட்டு விலகி, அவசர அவசரமாகக் குமரகுருபரனை நோக்கி நெளிந்து வந்தன.

"தாவூதே!"

"இங்கன இருக்கேன் வே!" குரல் எதிர்ப்பக்கத்தில், வெகு தூரத்தில் கேட்டது. "பந்தைக் காணல!"

அப்படியானால் தள்ளியது தாவூது இல்லை. ஒருநாளும் தாவூது இல்லை.

அந்தக் கால் பின்வாங்கி மஞ்சுக்குள் கரைந்தது. குமரகுருபரன் மட்டையை எறிந்துவிட்டுக் குரல் வந்த திசையில் ஓடினார். முழங்கால் வலிக்கு அவர் பார்த்த வைத்தியர்கள் அந்த ஓட்டத்தைக் கண்டிருந்தால் தொழிலையே விட்டிருப்பார்கள். மஞ்சுக்குள் தாவூதின் தொப்பி தெரிந்தது. தாவூதின் முகம். அப்படியே கட்டிக்கொண்டார்.

"மன்னிச்சிரும் வே. சாவுத வரைக்கும் இனி உம்மச் சந்தேகப்பட மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா!" நீட்டிய கையில் ஓங்கி அடித்துக் கொடுத்தார். கை குளிர்ந்திருந்தது. மலையில் யார் கைதான் குளிராது?

ஜீப்பின் பின்னிருக்கையில் இருவரும் ஏறினார்கள். பிச்சைக்கண்ணு என்ஜினை முடுக்கினார். குமரகுருபரன் உப்புப் பொட்டலத்தைப் பிரித்து, வழக்கம்போலக் குனிந்து, சிநேகிதரின் கால்சட்டையைச் சற்றே உயர்த்தினார்.

ஒரு அட்டைகூட இல்லை.

காலுறை வெள்ளை வெளேரென்று இருந்தது. கொஞ்சம் முன்பு அவரே பிடுங்கிய இடங்களில் ஒரு பொட்டு ரத்தம்கூட இல்லை. வண்டித் தரையில் கிடந்த ஒற்றை அட்டை அந்தக் காலை முகர்ந்தது. முகர்ந்ததும் சுருண்டு திரும்பி, குமரகுருபரனின் ஷூவில் ஏறியது.

அவர் நிமிரவில்லை.

வெளியே, மஞ்சுக்குள்ளிருந்து ஒரு குரல் தேய்ந்து வந்தது. "குமரா! விட்டுட்டுப் போயிராதேயும் வே! அல்லாவே, அட்டை மொய்க்குதே!"

பக்கத்தில் இருந்தவர் காதோரம் குனிந்தார்.

"சத்தியம் பண்ணியிருக்கீரு."

பிச்சைக்கண்ணு பின்னால் திரும்பவில்லை. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அய்யா, ரெண்டு பேரும் ஏறியாச்சுல்லா?"

குமரகுருபரன் வாயைத் திறந்தார். அதற்குள் பதில் வந்துவிட்டது.

"ஏறியாச்சு வே. வண்டிய எடும்."

குமரகுருபரனின் குரலேதான். வந்தது பக்கத்து இருக்கையிலிருந்து.