விழாமல் பார்த்துக்கொண்டவன்

ஃபேன் நிற்கவில்லை.

முதலில் அதுதான் அவளை உறுத்தியது. மருந்துக் குப்பிகளுக்காகக் கட்டிய அந்தக் குளிர் அறைக்குள் நின்று, சுவரிலிருந்த சென்சார் ஒயரை அவளே பிடுங்கிவிட்டிருந்தாள். இனி குளிரின் அளவு தெரியாமல் அறையை இயக்கும் புரோகிராம் திணறி, அபார்ட் ஆகி, தன்னைத்தானே முடித்துக்கொள்ள வேண்டும், அது செத்ததும் பூட்டைப் பிடித்திருக்கும் மின்சாரம் அறுந்து கதவு விடுபட வேண்டும். அதைச் சோதிக்கத்தான் வந்திருந்தாள். ஆனால் தலைக்கு மேலே ஃபேன் ஒரு கணம் இருமிவிட்டு, ஈரத் தகர வாடையை அவள் முகத்தில் அடித்தபடி, முன்னிலும் வேகமாகச் சுற்றியது.

கதவைத் தள்ளினாள். அசையவில்லை. உள்பக்கக் கைப்பிடி இன்னும் பொருத்தியாகவில்லை.

சுவர்த் திரையில் பச்சை எழுத்து: வெப்பநிலை நான்கு. உள்ளே யாரும் இல்லை.

இமைகள் ஒட்டிக்கொண்டு பிரிந்தன. இது நான்கு இல்லை.

இன்டர்காமை அழுத்தினாள். "அண்ணா, அபார்ட் ஆச்சா?"

"ஆச்சு."

"அப்புறம் ஏன் கதவு திறக்கல?"

பொத்தானை மறுபடி அழுத்தினாள்.

"புரோகிராம் சாகும்போது வர்ற சிக்னல்ல நீ என்ன எழுதி வெச்சிருக்க?"

"அதைப் பிடிச்சு, திரும்ப ஆரம்பத்துக்கே தாவ விட்டுட்டேன். திரையில ஆரம்ப அளவே நிக்கும். இதை விலைக்கு வாங்க வர்றவங்க முன்னாடி விழுந்தா மானம் போயிடும்ல? அதான், விழாம பாத்துக்கிட்டேன்."

புரோகிராமில் அந்தப் பகுதியைத் தொடமாட்டேன் என்று அவள் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தவன். "சந்தேகம் வந்தா அது சாகணும், பொய் சொல்லிப் பிழைக்கக் கூடாது" என்று அவள் சொன்னபோது, "நீ சொன்னா சரிதாம்மா" என்று சிரித்தவன். அப்பா போனபின் கண்ணை மூடிக்கொண்டு அவள் நம்பிய ஒரே ஆள்.

"மெயினை அணை."

"இரு, அவங்க வந்துட்டாங்க போல. அஞ்சே நிமிஷம் பொறுத்துக்கோ, கண்ணு."

"அண்ணா, விரல் மரத்துப் போச்சு..."

இன்டர்காம் அடங்கியது. கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியே பார்த்தாள். அணைத்தது அவன் விரல்தான்.

ஒயரைத் திரும்பச் செருகினாள். பிடுங்கியதில் முனை முறிந்திருந்தது; பயனில்லை. ஃபேன் இருமியது. புரோகிராம் தாவியது. நான்கு. யாரும் இல்லை. மறுபடி இருமல். கண்ணாடியை உள்ளங்கையால் அறைந்தாள். தோல் ஒட்டிக்கொண்டது. பிய்த்தெடுத்தாள். கத்தினாள். கனத்த கதவு எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டது.

வெளியே மூன்று பேர். வெளித் திரையைக் குனிந்து வாசித்தார்கள். அதே பச்சை. தலையாட்டினார்கள். அவர்களில் ஒரு பெண் மட்டும் கண்ணாடிப் பக்கம் மெல்லத் திரும்பினாள்.

அண்ணன் முந்திக்கொண்டான். ஒரே எட்டில் வந்து, சாவகாசமாகக் கதவில் சாய்ந்தான். அவன் முதுகு கண்ணாடியை அடைத்தது.

வெளிச்சம் போயிற்று. மூக்குக்கு நேரே அவன் சட்டைத் துணி. தையல்கூடத் தெரிந்தது.

அது லேசாகக் குலுங்கியது. நின்றது. மறுபடியும் குலுங்கியது.

அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.