வைப்பாற்றுப் பாலத்தின் படம்

சனிக்கிழமை காலை எட்டு மணி. சிவகாசியில் முத்துராமலிங்கத்தின் அச்சகம். ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த வைப்பாற்றுப் பாலத்தின் புகைப்படத்தைக் காணவில்லை. சட்டமும் கண்ணாடியும் மேசைமேல் கிடந்தன. பூட்டு உடையவில்லை.

"சாவி ஒங்கிட்டத்தானலே இருந்துச்சு?" முதலாளி காவலாளி ஆண்டிச்சாமியை உலுக்கினார். "படம் வரலேன்னா ஒன்னைய ஜெயிலுக்கு அனுப்பிருவேன்!"

"எம் புள்ளைக சத்தியமா நான் எடுக்கலைய்யா."

ஏட்டு அய்யாதுரை கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னொரு சாவி?"

"என் இடுப்புல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் பூசை போட வீட்டுல வாங்கிக்குவா."

"படத்த யாரும் கேட்டாகளா?"

"ஆர்ட்டிஸ்ட் கருப்பணன்ட்ட இன்னிக்குக் குடுக்கணும், காலண்டருக்கு. தொறப்பு விழாவுக்கு வந்து முன்னால நிக்கிற கூட்டத்த வெள்ளை அடிச்சு மறைச்சிட்டு, பாலம் மட்டும் போதும்னேன்."

"படத்து மேலேயேவா?"

"வேற எங்கன? இருக்கிறது ஒரே காப்பி."

"இத நேத்து வீட்டுல சொன்னீகளா?"

"மத்தியானம் சாப்பிடையில சொன்னேன். எதுக்குக் கேக்கீக?"

ஏட்டு சுவரைப் பார்த்தார். முருகன் நெற்றியிலும், காலமான பெரிய முதலாளியின் நெற்றியிலும் விரல் அகலச் சந்தனம். பக்கத்தில் ஓர் அணைக்கட்டின் படம்; அதில் பொட்டு இல்லை. கையிலிருந்த கண்ணாடியின் இடது ஓரத்தில் கடுகளவு சந்தனம் காய்ந்திருந்தது.

"தெறிச்சிருக்கும்," என்றார் முதலாளி.

"தெறிச்சா இம்புட்டு வட்டமா இருக்காது. ஊதுபத்திக் குச்சி நுனியால வச்சது. சாமிக்கு வைப்பாக, செத்தவுகளுக்கு வைப்பாக. பாலத்துக்கு யாரு பொட்டு வைக்கா? எடுத்தது உங்க வீட்டம்மா. அந்தக் கூட்டத்துல அவுகளுக்கு வேண்டியவுக யாரோ இருக்காக. பாலம் தொறந்தன்னிக்கு நீங்க போனீகளா?"

"போனேன். பாப்பாவத் தோள்ல தூக்கிக்கிட்டு..."

முதலாளி நிறுத்திவிட்டார். மூன்று வயதில் காய்ச்சலில் போன மகள் சொர்ணலட்சுமி. பெரியவளாகட்டும், ஸ்டுடியோவுக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டதில் அவளுக்கென்று ஒரு படமும் இல்லாமல் போயிற்று.

அவர் ஆண்டிச்சாமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காலண்டருக்கு வேற பாலம் பாத்துக்கிடுங்க," என்றார் ஏட்டு.

வீட்டில் வெள்ளைத்தாய் சேலை மடிப்புக்குள்ளிருந்து படத்தை எடுத்து நீட்டினாள்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"அவ பேரெடுத்தாலே ரெண்டு நாள் சாப்பிட மாட்டேங்கீக. வெள்ளிக்கெழமை தோறும் நான் மட்டும் பாத்துக்கிட்டு இருந்தேன். உங்க துண்டு வச்சுத்தான் அடையாளம் கண்டேன். மூஞ்சி தெரியல. சிரிக்காளா?"

அச்சுப் புள்ளிகளைப் பார்க்கும் பூதக்கண்ணாடி எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். படத்தின்மேல் வைத்துக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"சிரிக்கல. ரெண்டு கையாலயும் என் தலமுடியப் புடிச்சுக்கிட்டு, வாயப் பொளந்து பாலத்தப் பாக்கா."

"விழுந்திருவோம்னு பயம் கழுதைக்கு," என்று சொல்லி, வெள்ளைத்தாய் பூதக்கண்ணாடிக்குக் கை நீட்டினாள்.