கந்தப்பு கீறிய படம்

1983 பங்குனியில் ஒரு காலை, ஓய்வுபெற்ற நில அளவையாளர் கனகரட்ணத்தின் நெல்லியடி வீட்டுக்கு நல்லம்மா வந்தாள். அவள் வல்வெட்டித்துறை மீனவர் கந்தப்புவின் மனைவி.

“என்ரை மனிசனைப் பொலிஸ் மறிச்சு வைச்சிருக்கு, ஐயா. வெள்ளைக்காரற்றை படகைக் கொள்ளையடிக்கப் பிழையான படம் கீறிக் குடுத்தவராம். நாளைக்கு மரண விசாரணை.”

இறந்தவர் ஹென்றிக் என்ற ஒல்லாந்து மாலுமி. பாய்ப்படகில் தனியே நாடு நாடாகச் சுற்றியவர். முந்திய ஆண்டு வல்வெட்டித்துறையில் நங்கூரமிட்டுத் தங்கியபோது, முருகைக்கல் எனும் பவளப் பாறைகளுக்கிடையிலான வழியைக் கந்தப்பு ஒரு தாளில் கீறிக் கொடுத்திருந்தார். அதை வைத்துக்கொண்டு இம்முறை வந்தவர், நல்ல வெயிலில் பாறையில் மோதி மூழ்கிப்போனார்.

கனகரட்ணம் பொலிஸாரிடம் அந்தப் படத்தைக் கேட்டுப் பார்த்தார். கந்தப்பு சொல்லக் கேட்டு ஓரத்தில் ஹென்றிக் எழுதிவைத்த, தண்ணீரில் மங்கிய ஆங்கிலக் குறிப்பை, தபால் கந்தோரில் வேலைபார்க்கும் தம்பி அன்புராஜா வாசித்துச் சொன்னார்: “வெள்ளைச் சுவர் கோயில் கோபுரத்துக்கு நேரே தெரிஞ்சால் உள்ளே வரலாம்.”

இருவரும் மீனவர் நடராசாவின் வள்ளத்தில் கடலுக்குப் போனார்கள். வாசிகசாலையின் வெள்ளைச் சுவர் கோபுரத்துக்கு நேரே வந்ததும் வள்ளம் எங்கும் உரசாமல் உள்ளே நுழைந்தது.

“படம் சரி அண்ணை! அப்ப அந்த மனிசன் குடிச்சிருக்க வேணும்,” என்றார் அன்புராஜா.

“அவசரப்படாதை. நடராசா, அவர் மோதின இடத்துக்கு விடும்.”

அங்கிருந்து பார்க்கையில் கோபுரத்துக்கு நேரே தெரிந்தது மீன் வியாபாரி தில்லைநாதனின் களஞ்சியம். அதன் கடற்புறச் சுவர் முழுவதும் பின்னிய தென்னோலைக் கிடுகால் மறைக்கப்பட்டிருந்தது.

கரையேறிய கனகரட்ணம் அந்தச் சுவரடியில் நெடுநேரம் நின்றார். தில்லைநாதன் வெளியே வந்தார்.

“கிடுகு எப்ப அடிச்சனியள்?”

“போன வருசம். உப்புக்காத்துக்காக.”

“உப்புக்காத்திலை ஆணி ஒரு கிழமைக்குள்ளை கறள் பிடிக்கும். உங்கடை ஆணியள் இன்னும் மினுங்குது. கீழை நிக்கிற பூவரசின்ரை தளிரிலை சுண்ணாம்பு தெறிச்சிருக்கு. அண்மையிலை வெள்ளையடிச்ச சுவரை உடனேயே ஏன் மறைச்சனியள்?”

அன்புராஜா ஒரு கிடுகை இழுத்தார். சுவரின் வெள்ளை கண்ணைக் கூசவைத்தது.

“கடலிலையிருந்து பார்க்க ரெண்டு வெள்ளைச் சுவர்,” என்றார் கனகரட்ணம். “புதுசுதான் முதலிலை கண்ணிலை படும். உதைக் கோபுரத்துக்கு நேரே வைச்சு வந்தால் பாறைதான்.”

தில்லைநாதன் மணலில் அமர்ந்தார். “மகளின்ரை கலியாணத்துக்கு அடிச்சது, ஐயா. அவர் இதைப் பார்த்து வாறதைக் கண்டு கையைக் காட்டிக் கத்தினன். கேக்கேல்லை. பிறகு பயம் வந்திட்டுது.”

“உங்கடை பயத்துக்குக் கந்தப்பு மறியலிலை இருக்கிறார்.”

மறுநாள் விசாரணையில் தில்லைநாதன் தானே எல்லாவற்றையும் சொன்னார். கந்தப்பு விடுதலையானார். வாசலில் நல்லம்மா அழுதாள். கந்தப்புவோ அன்புராஜாவிடம் வந்தார்.

“தம்பி, செத்துப்போன வெள்ளைக்காரற்றை மனிசிக்கு இங்கிலீசிலை ஒரு கடிதம் எழுதித் தருவீரோ?”

“ஓம். உங்களிலை பிழையில்லை எண்டு எழுதட்டோ?”

கந்தப்பு தலையசைத்து மறுத்தார்.

“சுவரின்ரை நிறம் மாறுமெண்டு நான் யோசிக்கேல்லை எண்டு எழுதும்.”