தொட்டியை நோக்கிப் போன ட்ரோன்

ரீனாவுக்கு அந்த ட்ரோனைக் கண்டாலே பயம். அது அவளுடைய ட்ரோனாகவே இருந்ததுதான் பெரிய சங்கடம்.

அறிவியல் கண்காட்சியில் அவளுக்கு முதல் பரிசு என்று அறிவித்தபோது, ஏதோ அகராதி தரப்போகிறார்கள் என்றுதான் நினைத்தாள். பெட்டியைத் திறந்தால், நான்கு இறக்கைகளோடு, அடியில் சின்னக் கேமரா வைத்த ஒரு குட்டி ட்ரோன்! கூடவே ஒரு ரிமோட், இரண்டு பேட்டரி, மாற்று இறக்கைகள், ஒரு சின்னப் புத்தகம்.

முதல் நாள் வாசலில் வைத்துப் பட்டனை அழுத்தினாள். 'ர்ர்ர்ர்' என்று அது சீறிய சீறலில், ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஓடிவிட்டாள்.

"ஏம்மா, இதுக்கா பரிசு வாங்குன?" என்று அம்மா ரோஸ்மேரி சிரித்தார்.

ரீனா சிரிக்கவில்லை. சின்னப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். காற்று இல்லாத நேரத்தில்தான் பறக்கவிட வேண்டும். ஆட்களின் தலைக்கு மேல் போகக் கூடாது. ட்ரோன் திரும்பி நம்மைப் பார்த்து நின்றால், ரிமோட்டில் உள்ள குச்சியின் திசையெல்லாம் தலைகீழாகிவிடும். ஒன்றும் செய்ய முடியாமல் போனால் சிவப்புப் பட்டன். அதை அழுத்தினால் மோட்டார் நின்று, ட்ரோன் கல் மாதிரி விழும்.

வேடசந்தூர்ச் சாலையை ஒட்டி, ஊருக்குக் கிழக்கே விதைக்காத வெறும் புன்செய்க் காடு ஒன்று கிடந்தது. விடிந்ததும் அப்பா மில் பஸ் ஏறப் போவார். ரீனா அந்தக் காட்டுக்குப் போவாள். முதல் வாரம் முழங்கால் உயரம். அடுத்த வாரம் தலை உயரம். அதற்கு மேல் ஒரு சாண்கூட ஏற்றவில்லை.

விஷயம் எப்படியோ இனிகோவுக்குத் தெரிந்துவிட்டது. இனிகோ அவளோடு ஆறாம் வகுப்பில் படிப்பவன். எதற்கும் அவசரப்படுபவன்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வந்து வாசலில் நின்றான்.

"வா ரீனா, ட்ரோன் விடலாம்."

"இப்ப வேணாம். காத்து அடிக்குது."

"ஆடி மாசம்னா காத்து அடிக்கத்தான் செய்யும். பயமா இருக்குன்னு சொல்லு, போயிர்றேன்."

பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் நடந்தாள்.

ட்ரோன் தலை உயரத்துக்கு எழும்பியது. லேசாக ஆடியது.

"இம்புட்டுதானா? இதுக்கு எங்க வீட்டுக் கோழியே உசரமாப் பறக்கும்" என்றான் இனிகோ. "இன்னும் ஏத்து!"

ஏற்றினாள்.

"இன்னும்!"

தென்னை மர உயரத்துக்கு அது போனதும், மேலே காத்திருந்தது போலக் காற்று அதைப் பிடித்துக்கொண்டது. ட்ரோன் சாய்ந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு மேல்நிலைத் தொட்டியை நோக்கி நகர்ந்தது.

காட்டின் ஓரத்தில், வேலிக்கருவைப் புதருக்கு அந்தப் பக்கம் நின்றது அந்தத் தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் அடிவயிற்றில் மூன்று மலைத்தேனீக் கூடுகள், முறம் முறமாகக் கறுப்பாகத் தொங்கின. போன வருடம் யாரோ கல்லெறிந்ததில் தேனீக்கள் ஆடு மேய்த்த ஒருவரைக் கொட்டி, அவர் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

இன்று தண்ணீர் விடும் நாள். தொட்டிக்குக் கீழே குழாயடியில் இருபது முப்பது பேர் நின்றார்கள். குடங்களுக்கு நடுவே சின்னப் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"இழு ரீனா! பின்னாடி இழு!" என்று இனிகோ கத்தினான்.

அவள் குச்சியைத் தன் பக்கம் இழுத்தாள். ட்ரோன் இன்னும் வேகமாகத் தொட்டியை நோக்கிப் பாய்ந்தது!

'திரும்பி நிற்கிறது. என்னைப் பார்த்து நிற்கிறது.' அது புரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. தொட்டிக்கும் ட்ரோனுக்கும் நடுவே ஒரு வீட்டு நீளம்கூட இல்லை. அருகிலிருந்த கூட்டின் மேல் ஓர் அலை ஓடியது. ஆயிரம் தேனீக்கள் ஒன்றுபோல் சிலிர்த்தன. மறுபடியும் ஓர் அலை.

ட்ரோனுக்கு நேர் கீழே பார்த்தாள். முள்புதர். ஆள் யாரும் இல்லை. இன்னும் ஒரு நொடி போனால் குடங்களும் பிள்ளைகளும்.

சிவப்புப் பட்டனை அழுத்தினாள்.

சத்தம் சட்டென்று நின்றது. ட்ரோன் விழுந்தது. முள்ளுக்குள் 'சடக்' என்று ஒன்று முறிந்தது.

"ஐயோ, உடைஞ்சிருச்சு!" என்றான் இனிகோ.

ரீனா ட்ரோனைப் பார்க்கவில்லை. கூட்டைத்தான் பார்த்தாள். அலை நிற்கவில்லை. ஓரத்திலிருந்து நாலைந்து தேனீக்கள் கிளம்பி வட்டமடித்தன.

"ஓடிரலாம் வா. நாமதான்னு யாருக்கும் தெரியாது" என்று இனிகோ அவள் கையைப் பிடித்தான்.

அவளுக்கும் ஓடத்தான் தோன்றியது. கால்கள் அதற்குத் தயாராகவே இருந்தன. ஆனால் அந்தக் கூட்டத்தில் பக்கத்து வீட்டுப் பேச்சாயி அக்கா கைக்குழந்தையோடு நிற்பது தெரிந்தது.

ரீனா புதரைச் சுற்றிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். ஓடவில்லை. கத்தவில்லை. ஒவ்வோர் அடியையும் எண்ணிக்கொண்டு நடந்தாள்.

"பேச்சாயிக்கா, எல்லாரும் செத்த நேரம் பக்கத்துல பள்ளிக்கூடத்துக்குள்ள போயிரலாம், திறந்துதான் கிடக்கு. தேனீ கலையப் போகுது."

"நாலு நாளைக்கு ஒருக்க வர்ற தண்ணி தாயி. இதை விட்டுட்டு எங்க போறது?" என்றார் பேச்சாயி. "அது எப்பவும் அங்கதான இருக்கு?"

அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள்.

"நான்தான்க்கா கலைச்சு விட்டேன். என் ட்ரோன் கூட்டுக்கிட்டப் போயிருச்சு. தப்பு என்னோடது. மேல பாருங்க."

எல்லாரும் நிமிர்ந்தார்கள். கூட்டின் மேல் கறுப்பு அலை மடங்கி மடங்கி ஓடிக்கொண்டிருந்தது.

"கத்தாதீங்க. கைய வீசாதீங்க. முகத்தை மூடிக்கிட்டு மெதுவா நடங்க" என்றாள் ரீனா. "குடம் வரிசையாவே இருக்கட்டும், யாரும் வரிசை மாத்த மாட்டாங்க."

பேச்சாயி முந்தானையால் குழந்தையைப் போர்த்தினார். தண்ணீர் திறந்துவிடும் ஒச்சப்பன் வால்வை மூடினார். எப்போது வந்தானோ, இனிகோவும் இரண்டு சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

கடைசியாக வந்தவள் ரீனா. பள்ளிக்கூட வாசலை மிதிக்கும்போது கழுத்தில் சுரீரென்று நெருப்பு வைத்தது போல இருந்தது. ஒரே ஒரு தேனீ. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். ஒச்சப்பன் கதவைச் சாத்தினார்.

சாத்திய சன்னலின் கண்ணாடி வழியாக எல்லாரும் பார்த்தார்கள். குழாயடியில் குடங்கள் மட்டும் நின்றன. அவற்றின் மேல் தேனீக்கள் கொஞ்ச நேரம் 'ங்ங்ங்' என்று தேடித் திரிந்தன. ஆள் யாரும் அகப்படவில்லை. அரை மணி நேரத்தில் ஒவ்வொன்றாக மேலே போய்க் கூட்டில் ஒட்டிக்கொண்டன.

அதுவரை மூச்சுவிட மறந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து மூச்சுவிட்டார்கள். பேச்சாயி ரீனாவின் கழுத்திலிருந்த கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுத்து, ஈரத் துணியை வைத்து அமுக்கினார்.

"வலிக்குதா?"

"வலிக்குதுக்கா."

"வலிக்கட்டும்" என்றார் பேச்சாயி. ஆனால் கையை எடுக்கவில்லை.

ஒச்சப்பன் மறுபடியும் தண்ணீரைத் திறந்துவிட்டார். விட்டுப்போன நேரத்துக்கும் சேர்த்து விடுவதாகச் சொன்னார். பிறகு முள்புதரில் கம்பை விட்டுத் துழாவி ட்ரோனை எடுத்து வந்தார். ஓர் இறக்கை முறிந்து தொங்கியது.

"இந்தத் தும்பிக்குட்டியா அம்புட்டு வேலை பண்ணுச்சு?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேற இறக்கை மாட்டிப் பறக்க விடலாமா?"

"விடலாம்ண்ணே. பெட்டிக்குள்ள இருக்கு."

அவர் கண்கள் விரிந்தன. "அப்பச் சரி. இப்பவே மாட்டு. மேல விட்டு, கூடு எம்புட்டுப் பெருசுன்னு கிட்டப் போயி ஒரு படம் எடுத்துக் குடு தாயி. கூட்டை எடுத்துவிடச் சொல்லிப் பஞ்சாயத்து ஆபீசுக்கு அனுப்பிருவோம்."

"ஆமா, எடு புள்ள! நாங்களும் பாக்குறோம்" என்று நாலைந்து குரல்கள் சேர்ந்துகொண்டன. குடங்களை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் கிட்டே வந்தார்கள். பழக்க தோஷத்தில் இனிகோவும் வாயைத் திறந்தான். பிறகு கூட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

ரீனாவுக்குக் கழுத்து விண் விண் என்று தெறித்தது. பெரியவர்கள் கேட்கிறார்கள், எப்படி மறுப்பது?

"மாட்டேன்ண்ணே" என்றாள்.

ஒச்சப்பனுக்குக் காதில் சரியாக விழவில்லை. "என்ன தாயி?"

"மாட்டேன்" என்றாள் இன்னும் கொஞ்சம் சத்தமாக. "எனக்குப் பயமா இருக்கு. கீழ ஆளு நிக்குது, மேல காத்து அடிக்குது, தேனீ இப்பத்தான் அடங்கியிருக்கு. நீங்க இங்க நின்னே போன்ல எடுங்கண்ணே."

ஒச்சப்பன் கூட்டை அண்ணாந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு, பத்தடி பின்னால் தள்ளிப் போய் நின்று, படம் எடுத்தார்.