கடற்பசுவின் மூக்கை அறுத்தவன்

வெள்ளிக்கிழமை, பகல் 1.20. ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பி வந்தபோது கடற்பசுவுக்கு மூக்கில்லை.

முந்தல் ஊரைத் தாண்டி, கடல்நீர்க் களப்போரமாக இருக்கும் அந்த நீர்விளையாட்டுப் பூங்காவில் பிள்ளைகள் முதலில் ஓடுவது கடற்பசுவிடம்தான். பைபரில் செய்தது. ஐந்து பிள்ளைகள் ஏறினால் தண்ணீரைப் பீச்சிக்கொண்டு ஆடும். இப்போது வாளி அளவு மூக்கு அறுபட்டுத் தரையில் கிடந்தது. பக்கத்தில் இரும்பறுக்கும் வாள். சுற்றிவரச் சாம்பல் நிறத் தூள்.

கைதவறி உடைந்தது என்று சொல்ல வழியே இல்லை. ஒருவன் கால் விரித்து மேலே குந்தி, வியர்வை வடிய அறுத்திருக்கிறான்.

இங்கே வருகிற ஆட்களைப் பற்றிப் பேசினால் வாய்தான் நாறும். டிக்கட் எடுத்துவிட்டால் தகப்பன் விட்டுப்போன வளவு என்ற நினைப்பு. குளத்துக்குள் கோழி எலும்பு போடுவார்கள். சறுக்கியின் வாய்க்குள் குழந்தைக்குக் கட்டிய பெம்பஸைத் திணிப்பார்கள். கேட்டால், "கழுவத்தானே உங்களுக்குச் சம்பளம்" என்பார்கள். படித்த ஆட்கள். காரில் வந்த ஆட்கள்.

முதலாளி ஹயாத்து முகம்மது ஹாஜியார் குனிந்து வாளைப் பார்த்தார்.

"வாள் யார்ட?"

"என்ட முதலாளி," என்றான் றொபி. "வேலிப் பைப்பு அறுக்க எடுத்தது. பன்னிரண்டுக்கு வேலியோட சாத்திட்டு, பம்பு ரூமுக்குச் சாப்பிடப் போனன்."

"பள்ளிக்குப் போகாம உள்ளுக்கு நிண்ட ஆம்பிள யாரு?"

எல்லாரும் றொபியைத் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை 12.10க்கு விளையாட்டு எல்லாம் நிற்கும், குளத்துத் தண்ணீரை வடிக்கும் பம்பு மட்டும் ஓடும். கேட்டுக்குச் சங்கிலி விழும். ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போவார்கள், பெண்களும் பிள்ளைகளும் சாப்பாட்டு மண்டபத்தில் இருப்பார்கள். வேலைக்கார ஆண்களில் மிஞ்சுவது றொபி ஒருவன். சிலாபத்துக் கத்தோலிக்கன், பைபர் போட் கட்டுபவரின் மகன், இருபத்தாறு வயது. அடுத்த மாதம் இத்தாலிக்குப் போக எல்லாம் சரி, பொலிஸ் ரிப்போட் ஒன்றுதான் பாக்கி. பொலிஸ் புத்தகத்தில் பேரில் ஒரு என்ட்ரி விழுந்தால் இத்தாலி அதோடு சரி.

"நான் அப்பவே பாத்தன் ஹாஜியார்," என்றான் முஹ்ஸின். கொழும்பிலிருந்து நாலு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தவன் அவன். "இவன்ட முகமே சரியில்ல. காலையில இருந்து வாளோட திரிஞ்சான்."

றொபி அவனைப் பார்த்தான். 11.20க்கு இதே முஹ்ஸின்தான் தடித்த கூட்டாளிகள் இரண்டு பேரோடு கடற்பசுவில் ஏறி, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினான். றொபி விசில் அடித்து இறக்கினான். "நானா," என்று அண்ணனை அழைப்பதுபோல் மரியாதையாகத்தான் சொன்னான், "இது சின்னப் புள்ளையளுக்கு." கூட வந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். முஹ்ஸின் காது சிவந்துபோய் இறங்கினான்.

"பொலிஸுக்கு எடுங்க," என்றார் ஹாஜியார்.

"முதலாளி, பொலிஸ் வேணாம். நான் செய்யல்ல. மாதா மேல சத்தியம்."

"செய்யாதவன் ஏன் பொலிஸுக்குப் பயப்படணும்?" என்றான் முஹ்ஸின்.

கூட்டம் தலையாட்டியது. கூட்டத்துக்குத் தலையாட்ட மட்டும்தான் தெரியும்.

1.35. முதலுதவி அறையில் கமீலா. நாற்பத்தைந்து வயது, வாய் பொல்லாத மனுசி. முஹ்ஸினின் மனைவி ஸஃப்னா அழுகிற கைக்குழந்தையோடு வந்தாள்.

"பாருங்க ராத்தா, புள்ளைக்கு எப்பிடிச் சிவந்திரிக்கி எண்டு! உங்கட குளத்துத் தண்ணி ஊத்தை. என்ன மருந்து போடுறீங்களோ!"

பிடரியில் ஒரு சிவந்த பட்டை. முழங்காலுக்குக் கீழே இன்னொரு பட்டை. வேறெங்கும் ஒன்றுமில்லை. கமீலா குழந்தையின் சட்டையைத் தடவினாள். உலர்ந்த சட்டை. தலைமயிரும் உலர்ந்துதான் இருந்தது.

"புள்ள குளத்துல இறங்கினதா?"

"இல்ல. தண்ணி தெறிச்சிரிக்கும்."

"எப்ப அழத் தொடங்கின?"

"ஜும்ஆ முடியும்வரைக்கும் என்ட மடியில நல்லா நித்திர. புள்ளையட வாப்பா வந்து தூக்கினாரு, அதோட கத்துது."

கமீலா பிளாஸ்டரில் ஒரு துண்டு வெட்டினாள். குழந்தையின் பிடரியில் ஒட்டி, மெல்ல இழுத்தாள். இன்னொரு துண்டு. பிறகு காலுக்கு. ஆறாவது துண்டில் அழுகை விக்கலாகக் குறைந்தது. முதல் துண்டை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டாள்.

"ஊத்தை எங்கட தண்ணியில இல்ல, தங்கச்சி," என்று மட்டும் சொன்னாள்.

1.50. கடற்பசுவைச் சுற்றிக் கயிறு கட்டி ஹாஜியார் காவல் நின்றார். கமீலா கயிற்றுக்குள் குனிந்து போய் தூளைப் பார்த்தாள். காய்ந்த தூள். காற்றில் இரண்டு முழத்துக்குப் பறந்து கிடந்தது. இரண்டு எட்டில் தண்ணீர்க் குழாய். அதன் கீழே தரை காய்ந்திருந்தது. வெளியே வந்து றொபியின் கைகளைப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பினாள்.

"என்னக்கா?"

"வாயப் பொத்திக்கிட்டு நில்லு."

2.05. சார்ஜன்ட் வந்தார். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். புத்தகத்தைத் திறந்து, "பேர்?" என்று றொபியிடம் கேட்டார்.

"எழுதாதீங்க சேர்," என்றாள் கமீலா. "முதல்ல நான் ஒரு கேள்வி கேக்கணும். முஹ்ஸின் நானா, நீங்க ஜும்ஆவுக்குப் போனீங்களா?"

"ஓம். ஆட்களோட போய் ஆட்களோட வந்தன்."

"வந்து எங்க போனீங்க?"

"நேரா மண்டபத்துக்கு. புள்ளையத் தூக்கினன்."

"கடற்பசுவுக்குப் பக்கத்துல?"

"போகவே இல்ல. ஹாஜியார் சத்தம் போட்ட பிறகு கயிறுக்கு இங்கால நிண்டுதான் பாத்தன். ஏன், மருந்து கட்டுற பொம்பள இப்ப பொலிஸா?"

கூட்டாளிகள் சிரித்தார்கள்.

"பொலிஸ் இல்ல. கற்பிட்டியில பைபர் போட் கட்டினவர்ட பொண்டாட்டி. பதினாறு வருசம் அவர்ட உடுப்பத் தனி வாளியிலதான் ஊறப் போட்டன். ஒரு நாள் மறந்து புள்ளையட உடுப்போட சேத்துக் கழுவினன். வீடு முழுக்க ரெண்டு நாள் சொறிஞ்சது. பைபர்த் தூள் எண்டா கண்ணாடி முள்ளு. தட்டினாலும் போகாது. உங்கட புள்ளைக்குப் பிடரியிலயும் காலுலயும் ரெண்டு பட்டை. தூக்கினவன்ட ரெண்டு கையும் படுற இடம். வேற எங்கயும் இல்ல."

அவள் பிளாஸ்டர்த் துண்டைச் சார்ஜன்டிடம் நீட்டினாள். அவர் வெயிலில் சரித்தார். பொடிப்பொடியாக மினுங்கியது.

"அது... அது குந்தின கதிரையில இருந்து பட்டிருக்கும்," என்றான் முஹ்ஸின். அவன் கை தன்னை மறந்து தொடையிடுக்கைச் சொறிந்தது. சார்ஜன்ட் அதைக் கண்டார்.

"மண்டபத்துல மரக் கதிரை. கையை நீட்டுங்க," என்றாள் கமீலா.

"நீட்ட மாட்டன்!"

"நீட்டுங்க மிஸ்டர்," என்றார் சார்ஜன்ட்.

கருநீலச் சட்டைக் கையில் கமீலா புதுத் துண்டொன்றை ஒட்டி இழுத்தாள். சாம்பல் நிறத் தூள் அப்படியே வந்தது. காற்சட்டையின் உள்தொடையை அவள் தொடவில்லை, விரலால் காட்டினாள். தையலோரமெல்லாம் அதே தூள்.

"பள்ளியில பைபர் அறுக்கிறாங்களா நானா? நீங்க ஜும்ஆவுக்கே போகல்ல. உள்ளுக்கே நிண்டு அறுத்துட்டு, ஆட்கள் வரக்குள்ள கூட்டத்தோட கலந்தீங்க. பம்புச் சத்தத்துல வாள் சத்தம் ஒருத்தருக்கும் கேக்கல்ல. விசிலடிச்சவனப் பழி வாங்க அவன்ட வாளையே எடுத்தீங்க. ஆனா அவன் போட்காரன்ட மகன். போட்காரன் பைபர் அறுக்க முந்தித் தண்ணி ஊத்துவான், தூள் எழும்பாம. குழாய் ரெண்டு எட்டுல இரிக்கி. தரை காய்ஞ்சு கிடக்கு. இவன்ட கையில ஒரு சிவப்பும் இல்ல. தண்ணி ஊத்தத் தெரியாத பேயன்தான் இத அறுத்தவன்."

முஹ்ஸின் மனைவியைப் பார்த்தான். ஸஃப்னா குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு இரண்டு எட்டுத் தள்ளி நின்றாள்.

"சரி, ஒரு கோவத்துல செஞ்சது," என்றான். "இப்ப என்ன? புதுசு வாங்கித் தாறன்."

"என்ட புள்ளைக்கு முள்ளேத்திட்டு இப்ப என்னவா?" என்றாள் ஸஃப்னா. அவ்வளவுதான் சொன்னாள்.

கமீலா ஹாஜியார் பக்கம் திரும்பினாள். "தப்புச் செஞ்சவன விட்டுட்டு, ஆள் எந்தப் பக்கத்தவன் எண்டு பாத்து முடிவெடுக்கிறது. தொண்ணூறாமாண்டு மன்னாருல முஸ்லிம் ஆட்கள ஊரவிட்டுத் துரத்த எங்கட வீட்டுக் கதவத் தட்டினவங்களும் அப்பிடித்தான் பாத்தாங்க, முதலாளி. எனக்கு அப்ப பத்து வயசு."

ஹாஜியார் தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார்.

2.40. சார்ஜன்ட் சிங்களத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினார். முஹ்ஸின் ஒப்பம் வைத்தான். பிறகு புத்தகம் சாட்சியாக றொபியிடம் வந்தது.

"இதில ஒப்பம் வையுங்க. உங்கட ரிப்போட்டுக்கு ஒண்டும் வராது."

றொபி பேனையை வாங்கவில்லை. புத்தகத்தை வாங்கினான். முதல் வரியில் விரலை வைத்தான்.

"தம்பி, வாசிக்கவா போறீங்க?" என்றார் ஹாஜியார். "சேர் பிழையா எழுதுவாரா? நம்பி வையுங்க."

"சிங்களம் எனக்கு வாசிக்கத் தெரியும், முதலாளி. என்ட பேருக்குப் பக்கத்துல என்ன இருக்கு எண்டு பாக்கணும்."

வெயிலில் எல்லாரையும் நிற்க வைத்துவிட்டு அவன் கடைசி வரிவரை வாசித்தான். பிறகு பக்கத்தைத் திருப்பி, முதலிலிருந்து இன்னொரு தரம் தொடங்கினான்.