வாய் வைத்துக் குடித்தவர்

மனைவி குடித்த டம்ளரைக்கூட ஒரு முறை கழுவிவிட்டுத்தான் வாயில் வைப்பார் அவள் கணவர். அப்படி எச்சில் பார்க்கிற மனிதர், அன்று சாயங்காலம் அந்தப் பழைய இரசக்கிண்ணத்தில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தார்.

தங்க முலாம் பூசுவது அவர் தொழில். மூடிப்போன ஒரு தேவாலயத்திலிருந்து அவர் வீட்டுப் பட்டறைக்கு வந்த கிண்ணம் அது. சபை முழுவதும் வரிசையாக மண்டியிட்டு அந்த ஒன்றிலேயே திராட்சை இரசம் குடிக்குமாம். ஒருவர் குடித்ததும் விளிம்பைத் துடைத்து, சற்றே திருப்பி, அடுத்தவர் வாயில் வைப்பார்களாம். "ஊர் எச்சில் மொத்தமும் இதுலதான்" என்று முகம் சுளித்தவரும் அவரேதான்.

இப்போது ஒரு மடக்குக் குடித்தார். தோள் துண்டால் விளிம்பைத் துடைத்தார். சற்றே திருப்பி, பக்கத்தில் இருந்த காலி நாற்காலியிடம் நீட்டினார்.

"என்னங்க, யாருக்கு இந்த உபசாரம்?" என்று சிரித்தாள் அவள்.

"காத்துட்டு இருக்காங்க இல்ல?"

அணைத்த மெழுகுவர்த்தியின் வாடையும், பெட்டியில் வெகுகாலம் மடித்துக் கிடந்த துணிகளின் மக்கல் நெடியும் எங்கிருந்தோ வந்து அறையை நிறைக்க, நாற்காலிப் பக்கமிருந்து யாரோ நிதானமாக விழுங்கும் சத்தம் அவள் காதில் தெளிவாக விழுந்தது. கிண்ணத்தில் தண்ணீர் குறைந்திருந்தது.

மறுபடி துடைத்தார். திருப்பினார். நீட்டினார். ஒவ்வொரு விழுங்கலுக்கும் அவர் உதடு வெடித்தது, கன்னம் ஒட்டியது.

"தாகமா இருக்குடி."

"அப்போ நீங்க குடிங்க! அதைக் கீழ வைங்க!"

வைக்கவில்லை. அவள் விரல் விரலாகப் பிரித்துக் கிண்ணத்தைப் பிடுங்கினாள். விளிம்பு வெதுவெதுப்பாக இருந்தது. ஜன்னலைத் திறந்து தெருவில் வீசினாள். கல்லில் மோதி உருண்ட சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது. அப்பாடா, மனுஷன் பிழைத்தார் என்று நினைத்தாள்.

சொம்பு நிறையத் தண்ணீரோடு ஓடி வந்தாள். தலையைத் தாங்கி அவர் வாயில் ஊற்றினாள்.

தொண்டை அசையவில்லை. தண்ணீர் உதடு வரை நிறைந்து நின்றது.

"முழுங்குங்க... என்னங்க, முழுங்குங்க!"

வாய்க்குள் தண்ணீர் இறங்கியது. விழுங்கியது அவர் இல்லை.

தோளில் கிடந்த துண்டின் முனை தானாக எழுந்தது. அவர் உதட்டை ஓரமாகத் துடைத்தது.

பிறகு அவர் முகத்தைச் சற்றே திருப்பியது.