தெர்ட் பார்ட்டி, ஆனால் ஒரி

“தெர்ட் பார்ட்டியாம். ஆனா ஒரியாம். அது எப்படிம்மா ரெண்டும் ஒண்ணா இருக்கும்?”

கிள்ளானுக்குப் போகும் கோமுட்டர் ரயிலில், அம்மாவின் கைப்பேசியை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஷார்மைன் கேட்டாள்.

கைப்பேசியில் இருந்தது ஒரு விளம்பரம். கமலநாதன் என்பவர் போட்டது. தன்னுடைய மிர்ரர்லெஸ் கேமராவையும் அதற்கான லென்ஸையும் அவர் விற்கிறார். கடைசி வரியில், ‘லென்ஸ் தெர்ட் பார்ட்டி. ஒரி. சிஓடி கிள்ளான் மட்டும்’ என்று எழுதியிருந்தார்.

ஒரி என்றால் ஒரிஜினல். அந்தச் சொல்லை முழுதாகச் சொல்ல இங்கே யாருக்கும் பொறுமை கிடையாது. சிஓடி என்றால் நேரில் போய், பொருளைப் பார்த்து, பணம் கொடுத்து வாங்குவது. இதெல்லாம் ஷார்மைனுக்குத் தெரியும். அந்தத் தெர்ட் பார்ட்டிதான் எங்கேயோ உதைத்தது.

ஷார்மைன் ஐந்தாம் ஆண்டில் படிக்கிறாள். எதையும் சுலபத்தில் நம்பமாட்டாள். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கறிபாப் வாங்கினால்கூட ஓரத்தைப் பிட்டு, உள்ளே உருளைக்கிழங்கு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாயில் வைப்பாள்.

எதிர் இருக்கையில் இருந்த ஹென்றி மாமா சிரித்தார். அவர் அம்மாவின் தம்பி. கல்யாணங்களில் படம் எடுப்பவர். மடியில் ஒரு கறுப்புப் பையை அணைத்து வைத்திருந்தார்.

“மோட்டாருக்குத் தெர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் எடுத்தா என்னா ஆகும்? மோதினா எதிர்ல வந்தவனுக்குத்தான் காசு. நமக்கு முட்டை! அதே கதைதான் இதுவும்” என்றார் மாமா.

ஷார்மைனுக்குத் திக்கென்றது. “அப்போ இந்த லென்ஸ்ல எடுத்தா எதிர்ல இருக்கறவங்களுக்குத்தான் நல்லா வருமா? நமக்கு வராதா?”

“எதிர்ல இருக்கறவங்களைத்தானேடி படம் எடுக்கிறோம்!” என்றார் அம்மா.

அம்மா சிரித்தாலும் அவர் விரல்கள் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தன. அது ஏன் என்று ஷார்மைனுக்குத் தெரியும்.

அம்மா டொரத்தி சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அந்த வேலை போய்விட்டது. இனிமேல் படம் எடுப்பதுதான் வேலை என்று முடிவு செய்திருந்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய தேவாலயத்தில் புதுநன்மை. சிறு பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அதைப் படமெடுப்பதுதான் அம்மாவுக்குக் கிடைத்த முதல் வேலை.

தேவாலயத்துக்குள் வெளிச்சம் குறைவு. ஃபிளாஷ் அடிக்கக் கூடாது என்று ஃபாதர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஈஸ்டர் பூசையின்போது அம்மா சும்மா எடுத்துக்கொடுத்த படங்களில் யார் யாரென்றே தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பழைய கேமராவும் கண்ணை மூடிவிட்டது. இந்த முறையும் படம் இருண்டுபோனால், அடுத்த முறை ஸ்டுடியோக்காரர்களைத்தான் கூப்பிடுவார்கள்.

“மிர்ரர்லெஸ்னா கண்ணாடி இல்லாததுதானே? அப்புறம் முன்னாடி இவ்வளவு பெரிய கண்ணாடி இருக்கே!” என்று ஷார்மைன் மறுபடியும் ஆரம்பித்தாள்.

“அது லென்ஸ்லா. பழைய கேமராவுக்குள்ள முகம் பாக்கற கண்ணாடி மாதிரி ஒண்ணு இருக்கும். இதுல அது இல்ல. அதான் கேமரா சின்னதா இருக்கு” என்றார் அம்மா.

கண்ணாடி இல்லாத கேமராவுக்குப் பெரிய கண்ணாடி. தெர்ட் பார்ட்டி லென்ஸ், ஆனால் ஒரி. ஷார்மைனின் சந்தேகம் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது.

“இதெல்லாம் எதுக்குக்கா?” என்று மாமா கறுப்புப் பையைத் தட்டினார். “என் ஃபிரண்டோட கேமரா இங்கேயே இருக்கு. கேமராவும் லென்ஸும் ஒரே கம்பெனி. அந்தக் கம்பெனி வேற யாரு லென்ஸையும் உள்ள விடாது. அவ்வளவு சுத்தம்! இதை எடுத்துக்க. ஃபிரண்டு பாவம், அவசரமா விக்கிறான்.”

“வேற லென்ஸே மாட்ட முடியாதுன்னா, நாளைக்கு அவங்க சொல்ற விலைக்குத்தானே வாங்கணும்? மொதல்ல ரெண்டையும் பாத்துடுவோம்” என்றார் அம்மா.

கிள்ளான் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்த ஓர் உணவகத்தில்தான் சந்திப்பு. கமலநாதனைப் பார்த்ததுமே ஷார்மைன் அம்மாவின் கையைக் கிள்ளினாள்.

அவர் மூலையில் உட்கார்ந்திருந்தார். தொப்பி நெற்றியை மறைத்திருந்தது. முகக்கவசம் மூக்கை மறைத்திருந்தது. நொடிக்கொரு தரம் திரும்பித் தெருவைப் பார்த்தார். பையின் வாரைக் காலைச் சுற்றிக் கட்டி வைத்திருந்தார்.

“தொலைக்காட்சியில திருடனுங்க இப்படித்தான் இருப்பாங்கம்மா” என்று ஷார்மைன் கிசுகிசுத்தாள்.

“மூணு பேரு வந்திருக்கீங்க” என்றார் கமலநாதன். அவருக்கும் அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. “நீங்க ஒருத்தர்தானே வர்றதா சொன்னீங்க, சிஸ்டர்?”

அம்மா விவரம் சொல்லி உட்கார்ந்தார். கமலநாதன் கேமராவை வெளியே எடுத்தார். எடுத்தாரே தவிர, கையைவிட்டு விடவில்லை.

“மொதல்ல காசை அனுப்புங்க.”

“மொதல்ல பாக்கணும்லா” என்றார் அம்மா.

“போன தடவை ஒரு பையன் பாக்கறேன்னு வாங்கினான். ஓடியே போயிட்டான்.”

“காசு வாங்கிட்டு ஓடறவங்களும் இருக்காங்களே!” என்று மாமா எடுத்துக்கொடுத்தார்.

அம்மா கைப்பேசியை இறுக்கிப் பிடித்தார். கமலநாதன் கேமராவை இறுக்கிப் பிடித்தார். மேசையில் வைத்த தே ஓ ஐஸில், அந்தப் பாலில்லாத குளிர்தேநீரில், பனிக்கட்டி கரைந்ததுதான் மிச்சம்.

ஷார்மைன் குனிந்து தன் இரண்டு சிலிப்பர்களையும் கழற்றினாள். அவற்றைக் கமலநாதனின் நாற்காலிக்கு அடியில் தள்ளினாள்.

“இந்தாங்க அங்கிள், ஜாமீன். வெளிய தார் ரோடு கொதிக்குது. சிலிப்பர் இல்லாம நான் எவ்வளவு தூரம் ஓடுவேன்?”

கமலநாதன் சிலிப்பரைப் பார்த்தார். ஷார்மைனைப் பார்த்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தவர், உடனே “ஆ!” என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். முகக்கவசம் நழுவியது. ஒரு பக்கக் கன்னம் போண்டாபோல வீங்கியிருந்தது.

“நேத்துத்தான் பல்லு புடுங்கினேன். அதான் இந்த வேஷம்.”

“அப்போ ஏன் தெருவையே பாக்கறீங்க?”

“மோட்டாரை மஞ்சக் கோட்டுல நிறுத்திட்டேன்மா. சம்மன் போட்டுடுவாங்களோன்னு பயம்!”

ஷார்மைனின் கணக்கில் இரண்டு சந்தேகங்கள் கழிந்தன. கேமரா அவள் கைக்கு வந்தது. ஆனால், இன்னும் முக்கியமான கேள்விகள் மிச்சம் இருந்தன.

“நல்ல சாமான்னா ஏன் விக்கிறீங்க?”

“எனக்கு இப்ப பறவைப் பைத்தியம். தூரத்துல நிக்கற கொக்கைப் பிடிக்கற லென்ஸ் வேற கம்பெனியில இருக்கு. அந்தக் கம்பெனி கேமராவுல இந்த லென்ஸ் மாட்டாது. அதான் ரெண்டையும் சேத்து விக்கிறேன்.”

“சரி. தெர்ட் பார்ட்டி எப்படி ஒரியா இருக்கும்?”

“கேமரா செய்யற கம்பெனி ஒரு ஆளு. வாங்கற நீங்க ரெண்டாவது ஆளு. லென்ஸை மட்டும் செஞ்சு தர்ற வேற கம்பெனி மூணாவது ஆளு. அதான் தெர்ட் பார்ட்டி. அந்த மூணாவது ஆளு தன் பேரையே போட்டு விக்கிறான். அடுத்தவன் பேரைத் திருடல. அப்போ அவன் ஒரிதானே?”

ஷார்மைன் லென்ஸைத் திருப்பிப் பார்த்தாள். கேமராவில் ஒரு பெயர் இருந்தது. லென்ஸில் அதன் சொந்தப் பெயர் இருந்தது. ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

பிறகு அவள் கைப்பேசியின் விளக்கைப் போட்டு, லென்ஸின் ஒரு பக்கத்தில் பிடித்து, மறுபக்கம் வழியாக உள்ளே பார்த்தாள். நம் ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். நேற்று அரை மணி நேரம் காணொளி பார்த்துத் தெரிந்துகொண்டது அது. இந்த லென்ஸ் பளிச்சென்று இருந்தது.

ரொட்டி சானாய் போடும் அண்ணன் நின்ற மூலையில் விளக்கு எரியவில்லை. அம்மா அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினார். அண்ணன் மாவை வீசினார். டிக்!

திரையில் மாவு காற்றில் பறந்தபடி நின்றது. அண்ணனின் மீசைகூடத் தனித்தனி முடியாகத் தெரிந்தது.

“இந்த லென்ஸ் வாயைப் பெருசாத் திறக்கும், சிஸ்டர். நெறைய வெளிச்சம் உள்ள போகும்” என்றார் கமலநாதன்.

அம்மா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து ஷார்மைனுக்கும் சந்தோஷமாக இருந்தது. ஹென்றி மாமாவுக்கு மட்டும் பொறுக்கவில்லை.

“இதுலயும் எடுத்துப் பாரு! அப்போ தெரியும் ஒரின்னா என்னான்னு.”

கறுப்புப் பையிலிருந்து கேமரா வந்தது. அதே மூலை. அதே அண்ணன். அதே மாவு. டிக்!

படத்தில் மாவு வெள்ளைப் புகையாகக் கலைந்திருந்தது. படம் முழுவதும் கொஞ்சம் மங்கலாகவும் இருந்தது. அம்மா கமலநாதனிடம் ஏதோ கேட்கத் திரும்பினார். ஷார்மைன் அந்த லென்ஸுக்கும் விளக்கைப் பிடித்தாள். உள்ளே சிலந்தி வலைபோல மெல்லிய வெள்ளை நூல்கள் ஓடின.

“மாமா, இதுல பூஞ்சை இருக்கு.”

“சும்மா இரு! நேத்து ராத்திரிகூட நல்லாத் துடைச்சுத்தானே பையில வெச்சேன்!”

சொன்ன பிறகுதான் மாமா வாயைப் பொத்தினார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. ஷார்மைன் மாமாவின் சட்டையைப் பிடித்து உணவக வாசலுக்கு இழுத்துப் போனாள். நடைபாதை சுட்டது. ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றுகொண்டே கேட்டாள்.

“மாமா, அந்த ஃபிரண்டு பேரு என்னா?”

மாமா வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை.

“விக்கிறது நீங்க. வாங்கறது அம்மா. நடுவுல அந்த ஃபிரண்டுதான் தெர்ட் பார்ட்டி” என்றாள் ஷார்மைன். “ஆனா அவரு ஒரி இல்லையே, மாமா?”

மாமாவின் காது இரண்டும் சிவந்தன.

“பூஞ்சை இருக்கறது சத்தியமா எனக்குத் தெரியாதும்மா” என்றார் மெதுவாக. “இப்போ கல்யாண வேலை கொறைஞ்சு போச்சு. வாடகை கட்டணும். என் கேமராவை வாங்கிக்கன்னு சொந்த அக்காகிட்ட எப்படிக் கேக்கறது? வெக்கமா இருந்துச்சு. அதான் நடுவுல ஒரு ஃபிரண்டைப் போட்டேன்.”

பொய் சொன்னவரைப் பிடித்ததும் ஜெயித்த மாதிரி இருக்கும் என்று ஷார்மைன் நினைத்திருந்தாள். அப்படி இல்லை. மாமா தலை குனிந்து நின்றதைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது.

“நான் அம்மாகிட்ட சொல்லமாட்டேன். நீங்களே சொல்லிடுங்க. அம்மா ஏசினா நான் உங்க பக்கம்.”

“நெஜமாவா?”

“நெஜமாத்தான். சீக்கிரம் வாங்க, காலு வேகுது!”

மாமா உள்ளே போய் நாற்காலியில் உட்காராமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். ஷார்மைன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா பெருமூச்சு விட்டார். “பையோட அடியில ‘ஹென்றி’ன்னு மார்க்கர்ல எழுதியிருக்குடா. ரயில்ல ஏறினதுல இருந்து அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். இவன் எப்போ சொல்லுவான், சொல்லுவானா மாட்டானான்னு.”

“ஏசுக்கா” என்றார் மாமா.

“ஏசத்தான் போறேன், வீட்டுக்குப் போய். அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். பீடத்துக்குப் பக்கத்துல நான் நிப்பேன். வெளிய வெயில்ல, பிள்ளைங்க வரிசையா வர்றதை எடுக்க ஒரு ஆளு வேணும். உன்னோட இன்னொரு லென்ஸை எடுத்துக்கிட்டு வா. சும்மா இல்ல, கூலி உண்டு.”

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தே ஓ ஐஸை ஒரே மூச்சில் குடித்தார். அது கமலநாதனுடையது. அவர் இன்னொன்று கொண்டுவரச் சொன்னார்.

அம்மா கைப்பேசியில் பணத்தை அனுப்பினார். கமலநாதன் காலிலிருந்து வாரை அவிழ்த்து, பையோடு கேமராவைக் கொடுத்தார். ஷார்மைனுக்கு அவள் சிலிப்பர் திரும்பக் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஷார்மைன் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். பீடத்துப் பக்கம் மெழுகுவர்த்தி வெளிச்சம்தான் அதிகம். வெள்ளை உடையில் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். அம்மா தூணோரம் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். ஃபிளாஷ் இல்லை, ‘டிக்’ சத்தத்தையும் அணைத்து வைத்திருந்தார். படம் விழுகிறதா இல்லையா என்றே ஷார்மைனுக்குச் சந்தேகமாக இருந்தது.

பூசை முடிந்ததும் ஃபாதர் கேமராவின் திரையைக் குனிந்து பார்த்தார். ஒரு சிறுவன் நற்கருணையை வாயில் வாங்கிக்கொண்டு, ‘இவ்வளவுதானா ருசி?’ என்பதுபோல முகத்தைச் சுளித்திருந்தான். அவன் இமை முடி வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. ஃபாதர் வாய்விட்டுச் சிரித்தார்.

“கிறிஸ்துமஸுக்கும் நீங்கதான் எடுக்கறீங்க, டொரத்தி. இப்பவே சொல்லிட்டேன்.”

அம்மா முகமெல்லாம் சிரிப்பாகத் தலையை ஆட்டினார். ஷார்மைனுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. தேவாலயம் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

வாசலில் ஹென்றி மாமா வியர்வை வழிய நின்றுகொண்டிருந்தார். திரையில் இருந்த படங்களை அவரும் பார்த்தார். ஒருமுறை இருமினார்.

“அக்கா, அடுத்த சனிக்கிழமை எனக்கு ஒரு கல்யாணம். அந்த மண்டபம் ரொம்ப இருட்டு. இந்த லென்ஸை மட்டும் ஒரு நாள் குடேன்.”

“உன் கேமராவுல இது மாட்டாதேடா!”

மாமா தலையைச் சொறிந்தார். “அப்போ கேமராவோடயே குடுத்துடு.”

அம்மா கழுத்திலிருந்த கேமராவைக் கழற்றி, தம்பியின் கழுத்தில் மாட்டிவிட்டார். “சனிக்கிழமை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கே? இப்பவே பழகிக்க. எங்க ரெண்டு பேரையும் மொதல்ல ஒரு படம் எடு.”

மாமா எடுத்தார். ஷார்மைன் ஓடிப்போய்ப் படத்தைப் பெரிதாக்கி, மூலை மூலையாகச் சோதித்தாள். அதில் அம்மா அவள் தோளைக் கட்டிக்கொண்டு, பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“நம்பலாம்” என்றாள் ஷார்மைன்.